முதல் வகை நீரிழிவு: துணைவர் அறிய வேண்டியவை

"சர்க்கரை வியாதி" என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் யார் தோன்றுகிறார்? ஐம்பது வயதைக் கடந்தவர். காலையில் வேகமாக நடப்பவர். "காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று சொல்பவர். இப்படி ஒருவர்தானே? ஆனால் பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும், இருபது வயது இளம்பெண்ணுக்கும் வரக்கூடிய நீரிழிவு ஒன்று உண்டு. அதற்கு முதல் வகை நீரிழிவு என்று பெயர். வருகிற நாளிலிருந்து வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்பது அதன் இயல்பு. இன்று அந்த நோயுடன் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள். அப்படியானால் அவர்களைக் கைப்பிடித்தவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவனும் மனைவியும் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருக்கின்றன. தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் மிகப் பெரும் பகுதியைப் பட்டுப்புழு இந்த ஒரு வாரத்தில்தான் தின்று தீர்க்கும். ஆகவே பகல் முழுவதும் இருவரும் தழை வெட்டிச் சுமந்திருக்கிறார்கள். மனைவிக்கு முதல் வகை நீரிழிவு. அன்றிரவு வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டாள். களைப்பில் பாதிக் களி உருண்டையோடு எழுந்துவிட்டாள்.

இரவு இரண்டு மணி. கணவன் விழித்துப் பார்க்கிறான். மனைவியின் உடம்பெல்லாம் வியர்வை; கை நடுங்குகிறது. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிக் கோபத்தோடு கையைத் தட்டிவிடுகிறாள். "அசதியாக இருக்கும், தூங்கட்டும் விடுப்பா" என்கிறார் மாமியார். அவன் விட்டுவிடலாமா? அல்லது "சர்க்கரை ஏறிவிட்டது" என்று இன்னொரு ஊசி போடலாமா?

இரண்டுமே தவறு. இரண்டில் எதைச் செய்தாலும் அவள் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏன் என்று அறிய, முதலில் கணையத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

கணையத்தில் நடப்பது என்ன?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி கணையம். 1869ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், அதனுள் ஆங்காங்கே தீவுகள் போல் திட்டுத் திட்டாகச் செல்கள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அத்தீவுகளில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன என்பது பின்னால் தெரியவந்தது.

நாம் உண்ணும் சோறும் களியும் குளுகோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் அதை எடுத்துக்கொள்வதற்கு இன்சுலினின் அனுமதி வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால், களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் பூட்டிய கதவின் முன் பட்டினி கிடப்பது போன்ற நிலை. இரத்தத்தில் சர்க்கரை பெருகி நிற்கும். செல்களோ பசியால் வாடும்.

நடுத்தர வயதில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் ஓரளவு சுரக்கிறது. உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. உணவுக் கட்டுப்பாடும், உடற்பயிற்சியும், மாத்திரையும் அதற்குப் பயன்படுகின்றன. முதல் வகையில் நடப்பது வேறு. கிருமிகளைத் தாக்க வேண்டிய நமது நோய் எதிர்ப்பு மண்டலம், தன் வீட்டையே பகைவன் வீடு என்று எண்ணிப் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றே போகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் இந்நோய் வருவதில்லை. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டிக்கொள்வதில்லை. யார் செய்த பாவமும் இல்லை.

இங்கே ஒரு வியப்பான செய்தி. இன்சுலினுக்கு உறவான ஒரு ஹார்மோன் பட்டுப்புழுவின் உடலிலும் இருக்கிறது! ஜப்பானிய அறிவியலார் அதைக் கண்டறிந்து 'பாம்பிக்சின்' என்று பெயரிட்டனர். உயிரினங்கள் அவ்வளவு தொன்மையான காலந்தொட்டுப் பயன்படுத்திவரும் பொருள் அது. அதில்லாமல் மனிதன் வாழ முடியாததில் வியப்பென்ன?

ஊசி என்பது மருந்து மட்டுமா?

1921க்கு முன்பு முதல் வகை நீரிழிவு வந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அவ்வாண்டில் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் மக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கோலிப் என்ற வேதியியலார் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது போடப்பட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்த அவன் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆகவே முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் என்பது மூச்சுக்காற்றைப் போன்றது. துணைவர் ஒருவர் இதை எவ்வளவு ஆழமாக உணர முடியும் என்பதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு.

விக்டர் சாக்ஸல், ஈவா சாக்ஸல் என்ற யூதத் தம்பதி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பிச் சீனாவின் ஷாங்காய் நகரில் அடைக்கலம் புகுந்தனர். அங்கே ஈவாவுக்கு நீரிழிவு வந்தது. 1941 டிசம்பரில் நகரம் முழுவதும் ஜப்பானியர் வசமானது. மருந்துக் கடைகள் மூடப்பட்டன. கள்ளச் சந்தை இன்சுலினை நம்ப முடியவில்லை. விக்டர் மருத்துவரல்லர், நெசவுத் தொழில் பொறியாளர். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பான்டிங்கும் பெஸ்டும் கையாண்ட முறையை ஒரு மருத்துவ நூலில் தேடிப் படித்தார். ஒரு சீன வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் இடம் தந்து உதவினார். எருமைகளின் கணையத்தைக் கொண்டுவந்து கணவனும் மனைவியும் இன்சுலின் எடுக்க முயன்றனர். முயல்களுக்குப் போட்டுச் சோதித்தனர். பழுப்பு நிறத்தில் வந்த அந்தத் திரவத்தை ஈவா தம் உடலில் போட்டுக்கொண்டார். பிழைத்தார். அங்கிருந்த மற்ற நீரிழிவாளர்களுக்கும் அது உயிர் தந்தது. ஈவா 2002ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இன்று உங்களில் எவரும் எருமைக் கணையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் விக்டர் செய்ததில் ஒரு பகுதியை நீங்களும் செய்ய வேண்டும்: படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பதினைந்து நிமிடம்

இப்போது நம் பட்டுப்புழு வீட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது சர்க்கரை ஏறியதால் அன்று, இறங்கியதால். இதைத் தாழ்சர்க்கரை என்பார்கள். நம் உடம்பில் கணையம் தேவைக்கேற்ப இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். ஊசியால் உள்ளே சென்ற இன்சுலினை யாராலும் திரும்ப அழைக்க முடியாது. அளவு அதே, உணவோ பாதி, வேலையோ இருமடங்கு. மேலும் கடும் உழைப்புக்குப் பிறகு தசைகள் தம் இருப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் செய்த வேலைக்கு நடுநிசியில் விலை கொடுக்க நேர்வது இதனால்தான்.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. அதற்கு முதன்மையான எரிபொருள் குளுகோஸ். அது குறைந்ததும் பேச்சு குழறும், எரிச்சல் வரும், காரணமின்றி அழுகை வரும். அவள் கையைத் தட்டிவிட்டது கோபமன்று, நோயின் அறிகுறி. அதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் சண்டை போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குளுகோமீட்டர் இருந்தால் பாருங்கள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் கடுமையானது. மீட்டர் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுகோஸ் மாவையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்த பிறகு, அடுத்த உணவுக்கு நேரமிருந்தால், சிறிது பால், இட்லி போன்ற ஏதேனும் உண்ணச் சொல்லுங்கள். முதலிலேயே சாக்லேட்டோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதமாக்கும்.

நினைவு தப்பிவிட்டால், அல்லது வலிப்பு வந்தால், வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவர் குளுக்ககான் ஊசி கொடுத்து, போடும் முறையும் கற்றுத் தந்திருந்தால் அதைப் போடலாம். எக்காரணம் கொண்டும் இந்நேரத்தில் இன்சுலின் போடாதீர்கள்.

சர்க்கரைப் பொட்டலம் ஒன்று தலைமாட்டிலும், ஒன்று தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பையிலும், ஒன்று பேருந்துப் பயணத்திலும் இருக்கட்டும். பாலக்கோட்டு வெல்லமும் உதவும். ஆனால் கட்டியைக் கடிக்கக் கொடுக்காமல் கரைத்துக் கொடுங்கள். மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது தடைப்படும். குடித்தவரின் தள்ளாட்டத்துக்கும் தாழ்சர்க்கரைக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

கேழ்வரகு இன்சுலினுக்கு மாற்றா?

"களி சாப்பிட்டால் சர்க்கரையே வராது, ஊசி எதற்கு?" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அதே அளவு கேழ்வரகில் சுமார் 67 கிராம். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அது நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மாவுச்சத்து இருக்கும் வரை இன்சுலினும் வேண்டும். மரவள்ளிக் கிழங்குக்கும் சாமைக்கும் இதே விதிதான்.

"எனக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களே, உனக்கு மட்டும் ஏன் ஊசி?" என்று கேட்கும் பெரியவரும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2004 வரை அது தருமபுரி மாவட்டத்தின் பகுதி. அந்தத் திட்டத்தில் பெரியவர் பெறும் மாத்திரை இரண்டாம் வகைக்கு உரியது. முதல் வகையில் மாத்திரை இன்சுலினுக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்புவதும் அப்படியே. இதை உறவினருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பைத் துணைவர் ஏற்றுக்கொண்டால், நோயாளியின் சுமையில் பாதி குறையும்.

காய்ச்சல் வந்தால்

"ஒன்றும் சாப்பிடவில்லையே, இன்று ஊசி வேண்டாம்" என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதுவே பேராபத்து. நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலின்போது இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். இன்சுலின் அறவே இல்லாதபோது உடல் கொழுப்பைக் கரைத்து எரிக்கிறது. கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் சேர்ந்து இரத்தமே அமிலமாகத் தொடங்குகிறது.

கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இவை அதன் அடையாளங்கள். வயிற்றுக் கோளாறு என்று சோடா குடிக்கவைத்துப் படுக்கவிடாதீர்கள். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம். சித்தேரி போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் முன்கூட்டியே புறப்பட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகிலுள்ள வேறு அரசு மருத்துவமனையோ, எங்கே சென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "இவருக்கு முதல் வகை நீரிழிவு, இன்சுலின் போடுபவர்."

காய்ச்சல் நாளில் எவ்வளவு போட வேண்டும், விரதம் இருக்கலாமா என்பவற்றை உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அளவு மாறலாம், ஊசி நிற்கக் கூடாது.

குப்பியும் ஊசியும் பானையும்

துணைவர் பார்த்துப் பழக வேண்டிய இன்னொன்று ஊசிக்குழல். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பல, ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வீரியமுள்ளவை. அதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். 100 அலகு வீரியமுள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் மாறிப்போனால்? நூறு வீரிய இன்சுலினைச் சிவப்பு மூடிக்குழலில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 10 அலகன்று, 25! நேர்மாறாகச் செய்தால் நான்கே அலகு. கடையிலிருந்து வாங்கி வருபவர் நீங்கள் என்றால், குப்பியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இன்சுலின் ஒரு புரதம். வெயிலில் அது கெடும், உறைந்தாலும் கெடும். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையறையில் வேண்டாம். பயன்படுத்தும் குப்பியை 25, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். தருமபுரிக் கோடையில் அப்படி ஒரு இடத்துக்கு எங்கே போவது?

பட்டுப்புழு வளர்ப்பவருக்கு விடை தெரியும். புழு மனையைக் குளிர்விக்க அவர்கள் ஈரச் சாக்கைத் தொங்கவிடுகிறார்கள் அல்லவா? நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இதே தத்துவப்படி, பெரிய மண்பானையில் மணல் பரப்பி, நீர் தெளித்து, அதற்குள் சிறிய மண்கலயத்தை வையுங்கள். நீர் புகாத உறையிலிட்ட இன்சுலினைக் கலயத்தில் வைத்து மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால் பல டிகிரி குறைந்திருக்கும். மணல் காயாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

காவலரா, துணைவரா?

இவ்வளவும் கற்ற பிறகு ஒரு தவறு செய்ய வாய்ப்புண்டு. "அதைத் தின்னாதே, இதைத் தொடாதே, ஏன் 250 காட்டுகிறது?" என்று விசாரணை செய்யத் தொடங்குவது. முதல் வகை நீரிழிவில் அளவு ஏறுவதற்கு உணவு மட்டும் காரணமன்று. காய்ச்சல், கவலை, தூக்கமின்மை, மாதவிலக்கு நாட்கள், கெட்டுப்போன இன்சுலின் எனப் பல. மீட்டர் காட்டும் எண் பரீட்சை மதிப்பெண் அன்று. ஏச்சுக்குப் பயந்தவர் பரிசோதிப்பதையே நிறுத்திவிடுவார். அல்லது எண்ணை மறைப்பார். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. தோலில் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து, துணைவரின் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பும் உணரிகள் இன்று வந்துள்ளன. விலை அதிகம். அவை இருந்தாலும் இந்தக் கேள்வியின் தேவை குறையாது.

மறைப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு இந்நோய் இருந்தால் திருமணம் நின்றுவிடும் என்று அஞ்சிப் பல குடும்பங்கள் சொல்லாமலே மணம் முடிக்கின்றன. பிறகு அவள் குளியலறையில் ஒளிந்து ஊசி போடுகிறாள். விருந்தாளிகள் இருக்கும் நாளில் போடாமலே விடுகிறாள். அதன் விளைவு என்னவென்று மேலே பார்த்தோம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத நோய்க்கு நள்ளிரவில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க யார் வருவார்?

"குழந்தைக்கும் வருமே?" என்ற அச்சத்துக்கு விடை உண்டு. மேலைநாட்டு ஆய்வுகளின்படி, தாய்க்கு முதல் வகை இருந்தால் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் நான்கு வரைக்கும், தந்தைக்கு இருந்தால் சுமார் ஆறு பேருக்கும் வரலாம். அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மருத்துவர் மேற்பார்வையில் இருந்தால் நலமான குழந்தையைப் பெறலாம்.

நம் கற்பனை வீட்டில் கணவன் என்ன செய்தான்? இக்கட்டுரையைப் படித்தவன் என்று வைத்துக்கொள்வோம். விளக்கைப் போட்டான். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்து, அவள் தலையைத் தாங்கிக் குடிக்கச் செய்தான். பதினைந்து நிமிடம் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் தெளிந்து, "என்னங்க, விளக்கு எரியுது?" என்று கேட்டாள். காலையில் இருவரும் சேர்ந்து பேசி, தழை வெட்டும் நாட்களில் இரவு இன்சுலினை எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்கப் புறப்பட்டார்கள்.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வகுப்பில் முதல் வகை நீரிழிவு உள்ளவர் இருக்கலாம். சர்க்கரைப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.